பேட்டரி எத்தனை நாள் வரும்?

மலர்க் குழு நண்பர் போன் செய்தபோது, "ஹாஸ்டல் மெஸ், கல்ச்சுரல்ஸ் பத்தியெல்லாம் எழுத ஏகப்பட்ட பேர் பெயர் கொடுத்தாச்சு. நீ உன் வேலையைப் பத்தி எழுது. ஆனா சிவில்காரனுக்கும் புரியணும்" என்றார். என் வேலை, பெரிய கட்டடங்களின் குளிர்சாதனத்தையும் விளக்குகளையும் தானாக இயங்க வைப்பது. இந்தத் தொழிலுக்குள் கம்பியில்லாச் சென்சார்கள் எப்படி வந்தன என்ற சரித்திரத்தை இங்கே சொல்லலாம் என்று நினைக்கிறேன். சரித்திரம் என்றதும் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். இதில் நம் கல்லூரி லேபும் வருகிறது. நான் அசடு வழிந்த கதையும் வருகிறது.

எங்கள் பேட்ச் வெளியே வந்தது 2011-ல். அந்த வருடம் எங்கள் துறையில் பாதி புராஜெக்ட்களின் தலைப்பு 'ஜிக்பீ மூலம்' என்றுதான் தொடங்கும். ஜிக்பீ மூலம் வீட்டு விளக்கு, ஜிக்பீ மூலம் வயல் ஈரம், ஜிக்பீ மூலம் நோயாளியின் நாடித்துடிப்பு! எல்லாவற்றுக்கும் தாய்வீடு சென்னை ரிச்சி தெரு. நாங்கள் நான்கு பேர் சேர்ந்து ஒரு ஜோடி ஜிக்பீ மாட்யூல், வெப்பம் அளக்க ஒரு எல்எம்35, ஒரு பிஐசி மைக்ரோ கன்ட்ரோலர், ஒரு 7805 ரெகுலேட்டர், ஒரு 9 வோல்ட் பேட்டரி வாங்கி வந்தோம். அறையின் வெப்பம் கூடினால் அடுத்த அறையில் ஃபேன் சுற்றும். அவ்வளவுதான் எங்கள் 'கட்டடத் தானியக்கம்'.

வைவா அன்று எக்ஸ்டர்னலாக வந்த பேராசிரியர் எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்தார். ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "ஏம்ப்பா, இந்த பேட்டரி எத்தனை நாள் வரும்?"

கணக்குப் போடாமலே, "ஒரு வருஷம் வரும் சார்" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே மார்க் போட்டுவிட்டுப் போய்விட்டார். அந்தச் சிரிப்புக்கு அர்த்தம் புரிய எனக்குச் சில வருடங்கள் ஆயின.

வகுப்புக்குள் வந்த பணியாள்

இந்தக் கதை தொடங்குவது ஒரு கல்லூரி வகுப்பறையில். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ஒயிட்வாட்டர் என்ற ஊரில் இருந்த ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் வாரன் ஜான்சன் என்பவர் பேராசிரியர். அது கடுங்குளிர் பிரதேசம். கீழ்த்தளத்தில் கொதிகலன் எரியும். அதன் வெப்பம் அறைகளுக்குப் போகும். எந்த அறை எவ்வளவு சூடாக இருக்கிறது என்று கொதிகலனுக்குத் தெரியாது. ஆகவே ஒரு பணியாள் ஒவ்வொரு வகுப்பாக நுழைந்து, சுவரில் உள்ள வெப்பமானியைப் பார்த்துவிட்டு, கீழே இறங்கிப்போய் அடைப்பைத் திறப்பார் அல்லது மூடுவார். பாடம் நடக்கும்போது ஆள் வந்து போனால் எந்த வாத்தியாருக்குத்தான் பிடிக்கும்?

ஜான்சன் ஒரு கருவி செய்தார். அறை குறிப்பிட்ட வெப்பத்தைத் தாண்டினால் மின்சுற்று இணைந்து கீழே மணி அடிக்கும். பணியாள் இருந்த இடத்திலிருந்தே தெரிந்துகொள்வார். 1883-ல் இதற்குக் காப்புரிமை கிடைத்தது. 1885-ல் மில்வாக்கியில் ஒரு கம்பெனி தொடங்கினார். பிற்காலத்தில் ஜான்சன் கன்ட்ரோல்ஸ் என்று உலகம் முழுவதும் பெயர் பெற்றது அதுதான். கிட்டத்தட்ட அதே சமயம் மினியாபோலிஸ் நகரில் ஆல்பர்ட் பட்ஸ் என்பவர் அடுப்பின் காற்றுக் கதவைத் தானே திறந்து மூடும் கருவியைச் செய்தார். ஹனிவெல் நிறுவனத்தின் வேர் அங்கே இருக்கிறது.

ஜான்சன் 1895-ல் அடுத்த படிக்குப் போனார். அழுத்தப்பட்ட காற்றைச் சிறு குழாய்களில் அனுப்பி, ஒவ்வொரு அறையின் வால்வையும் அந்தந்த அறையின் வெப்பத்துக்கு ஏற்பத் தானாக இயக்கும் முறை அது. பணியாள் மாடி ஏறி இறங்க வேண்டியதில்லை. இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதி நேரம் பெரிய கட்டடங்கள் இந்தக் காற்றுக் குழாய்களை நம்பித்தான் இருந்தன. இன்னொரு சுவாரஸ்யம்: 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இதே ஜான்சன் கம்பியில்லாத் தந்தியிலும் சோதனைகள் செய்தார். ஆனால் அறை வெப்பத்தைக் கம்பியில்லாமல் அனுப்புவது அந்தக் காலத்து வசதிகளுக்கு எட்டாத விஷயம். 1911-ல் அவர் காலமானார். அவர் கையில் இருந்த இரண்டு விஷயங்களும் ஒன்றுசேர மேலும் தொண்ணூறு வருடம் ஆயிற்று.

எண்ணெய் விலை ஏறியது

1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தின. சில மாதங்களில் பீப்பாய் விலை சுமார் 3 டாலரிலிருந்து 12 டாலருக்குப் பக்கத்தில் போனது. அதுவரை கட்டடத் தானியக்கம் என்பது சௌகரியத்துக்கான விஷயம். அதன்பிறகு அது காசு விஷயம். கட்டடங்களுக்குள் கணிப்பொறி நுழைந்தது. எண்பதுகளில் மைக்ரோபிராசஸர் மலிவானதும் காற்றுக் குழாய்களின் இடத்தை மின்கம்பிகளும் டிஜிட்டல் கன்ட்ரோலர்களும் பிடிக்க ஆரம்பித்தன.

இதில் ஒரு தொல்லை. ஒரு கம்பெனியின் கன்ட்ரோலர் இன்னொரு கம்பெனியின் கன்ட்ரோலரோடு பேசாது. ஒருமுறை ஒருவரிடம் வாங்கினால் ஆயுள் முழுக்க அவரிடமே வாங்க வேண்டும். இதை உடைக்க 1987-ல் அமெரிக்கக் குளிர்சாதனப் பொறியாளர் சங்கமான ஆஷ்ரே ஒரு குழு அமைத்தது. எட்டு வருட வாக்குவாதத்துக்குப் பிறகு 1995-ல் 'பேக்நெட்' என்ற பொதுமொழி வெளியானது. 2003-ல் அது ஐஎஸ்ஓ தரமும் ஆனது.

மொழிப் பிரச்சினை தீர்ந்தது. கம்பிப் பிரச்சினை தீரவில்லை. சைட் பார்த்தவர்களுக்குத் தெரியும். சென்சாரின் விலையை விட அதுவரைக்கும் கம்பி இழுக்கிற கூலியும், பைப்பும், சுவரை உடைத்துப் பூசுகிற செலவும் அதிகமாகிவிடும். புதுக் கட்டடத்தில் சமாளிக்கலாம். ஆட்கள் உட்கார்ந்து வேலை பார்க்கும் பழைய கட்டடத்தில் யார் சுவரை உடைக்க விடுவார்கள்? அதனால் பத்து அறைக்கு ஒரு சென்சார் என்று வைத்துவிட்டு, மற்ற ஒன்பது அறையும் அப்படித்தான் இருக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டோம்.

தூசி அளவில் ஒரு கணிப்பொறி

கம்பியை ஒழிக்கும் யோசனை கட்டடத் தொழிலிலிருந்து வரவில்லை. பலர் ஒரே ரேடியோ அலைவரிசையைப் பங்குபோட்டுப் பேசலாம் என்பதை 1971-லேயே ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆப்ரம்சன் குழுவினர் 'அலோஹா' வலையமைப்பில் செய்து காட்டிவிட்டார்கள். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசி மோதிக்கொண்டால், இருவரும் ஆளுக்கொரு நேரம் காத்திருந்து மறுபடி பேச வேண்டும். இன்றைய வைஃபை வரை இந்தப் பண்பாடுதான்.

1997-ல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் கிரிஸ் பிஸ்டர் ஒரு விபரீத யோசனையை அமெரிக்க ராணுவ ஆராய்ச்சித் துறையிடம் வைத்தார். சென்சார், கணிப்பொறி, தகவல் தொடர்பு, மின்சாரம் எல்லாவற்றையும் ஒரு கன மில்லிமீட்டருக்குள் அடக்க வேண்டும். அதற்கு 'ஸ்மார்ட் டஸ்ட்' என்று பெயர் வைத்தார். அந்த அளவுக்கு அவசரமாகப் போக முடியாது என்பதால், கடையில் கிடைக்கிற சிப்புகளை வைத்து விரல் நீளத்துக்குச் சிறு கருவிகள் செய்தார்கள். அவற்றுக்கு 'மோட்' என்று பெயர். துகள் என்று அர்த்தம். அவற்றில் ஓட டேவிட் கல்லர் தலைமையிலான குழு, மாணவர் ஜேசன் ஹில் முன்னின்று எழுத, 'டைனி ஓஎஸ்' என்ற இயங்குதளத்தை உருவாக்கியது. 2000-ல் அவர்கள் வெளியிட்ட கட்டுரைப்படி அது பிடித்த நினைவக இடம் 178 பைட். இன்று ஒரு வாட்ஸப் குட்மார்னிங் படத்துக்கு அதைப்போல நூற்றுக்கணக்கான மடங்கு இடம் வேண்டும்!

அதே 2000-ல், 'குறிப்பிட்ட ஒரு சென்சாரை அழைத்துக் கேட்காதே. உனக்கு என்ன தகவல் வேண்டும் என்று வலையமைப்பையே கேள்' என்ற புதுச் சிந்தனையை ஒரு கட்டுரை முன்வைத்தது. அதை எழுதிய மூவரில் ஒருவர் ரமேஷ் கோவிந்தன். நம் சென்னை ஐஐடியில் பி.டெக். படித்தவர். பிறகு அவருடைய குழு கட்டடங்களின் அதிர்வை அளக்கும் கம்பியில்லா வலையமைப்புகளையும் செய்தது.

2002 கோடையில் மெய்ன் மாநிலக் கடற்கரையை ஒட்டிய கிரேட் டக் தீவில், கடற்பறவைகளின் பொந்துகளைக் கண்காணிக்க 32 மோட்களை வைத்தார்கள். மனிதர் போய் எட்டிப் பார்த்தால் பறவை கூட்டை விட்டுப் போய்விடும். மோட் இருந்தால் அதற்குத் தொந்தரவு இல்லை. வகுப்புக்குள் ஆள் வரக் கூடாது என்ற ஜான்சனின் கவலையேதான், இடம் மட்டும் வேறு.

தூங்கினால்தான் பிழைக்கலாம்

இங்கேதான் எக்ஸ்டர்னல் கேட்ட கேள்வி வருகிறது.

ரேடியோ பேசும்போதுதான் மின்சாரம் செலவாகும் என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் இந்தச் சிறு ரேடியோக்களுக்குக் கேட்பதற்கும் பேசுவதற்கும் ஏறக்குறைய ஒரே செலவு. யாராவது கூப்பிடுவார்களா என்று சும்மா காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் பேட்டரியைத் தின்கிறது. 2004 வாக்கில் வந்த 'டெலோஸ்' மோட்டின் ரேடியோ கேட்கும்போது சுமார் 20 மில்லி ஆம்பியர் எடுக்கும். இரண்டு பென்சில் பேட்டரி சுமார் 2,500 மில்லி ஆம்பியர் மணி. வகுத்துப் பாருங்கள்: 125 மணி நேரம். ஐந்து நாளில் கதை முடிந்தது! அதே ரேடியோ நூறில் ஒரு பங்கு நேரம் மட்டும் விழித்திருந்தால், ரேடியோ கணக்கு மட்டும் 500 நாள் தாண்டும். எங்கள் புராஜெக்ட்டுக்கும் பிறகு கணக்குப் போட்டேன். 9 வோல்ட் பேட்டரியில் சுமார் 500 மில்லி ஆம்பியர் மணி இருக்கும். எங்கள் சர்க்யூட் 50 எடுத்திருக்கும். பத்து மணி நேரம்! நான் சொன்னது ஒரு வருஷம்.

ஆகவே 2002-லிருந்து பத்து வருடம் இந்தத் துறையின் மூளை முழுவதும் தூக்கத்தைப் பற்றித்தான் யோசித்தது. எல்லோரும் தூங்கினால் யார் யாருடைய பேச்சைக் கேட்பது? சிலர் நொடிக்கொருமுறை அரைக்கண் திறந்து பார்க்கச் சொன்னார்கள். 2002-ல் டஸ்ட் நெட்வொர்க்ஸ் என்ற கம்பெனியைத் தொடங்கிய பிஸ்டர் குழுவினர், எல்லாக் கடிகாரங்களையும் ஒன்றாக ஓடவைத்து, யார் எந்த நொடியில் பேச வேண்டும், யார் கேட்க வேண்டும் என்று அட்டவணை போட்டார்கள். நம் ஊர் ஏரிப் பாசனத்தில் முறை வைத்துத் தண்ணீர் விடுவதைப் போலத்தான். உன் முறை வரும்போது மடைக்கு வா; மற்ற நேரம் வீட்டில் தூங்கு. இந்த வழி 2012-ல் ஐஇஇஇ தரத்திலும் சேர்ந்தது.

இதற்கிடையே தரங்கள் வரிசையாக வந்தன. 2003-ல் ஐஇஇஇ 802.15.4 என்ற ரேடியோ தரம். அதன்மேல் 2004 டிசம்பரில் ஜிக்பீ. தேனீ வளைந்து வளைந்து ஆடி மற்ற தேனீக்களுக்கு வழி சொல்வதிலிருந்து வந்த பெயர். 2007-ல் இந்தச் சின்ன ரேடியோக்களிலும் இன்டர்நெட் முகவரி ஓட வழி பிறந்தது. ஜெர்மனியில் சீமென்ஸிலிருந்து 2001-ல் பிரிந்த என்ஓஷன் கம்பெனி, பேட்டரியே வேண்டாம் என்றது. சுவிட்சை அழுத்துகிற விரலின் விசையே மின்சாரமாகி ஒரு செய்தியை அனுப்பிவிடும்! இந்தியாவில் 2005-ல் 2.4 கிகா ஹெர்ட்ஸ் அலைவரிசையையும், 865 முதல் 867 மெகா ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியையும், குறைந்த சக்தியில் லைசென்ஸ் இல்லாமல் பயன்படுத்த அரசு அனுமதித்தது. அது நடந்திராவிட்டால் எங்கள் பேட்ச் புராஜெக்ட்டுக்கு வேறு தலைப்பு தேடியிருக்கும்.

கட்டடத்தில் இவற்றின் பயன் என்ன? 2000-2001-ல் கலிஃபோர்னியாவில் மின்வெட்டு வந்தபோது, பெர்க்லிகாரர்கள் மோட்களைத் தங்கள் துறைக் கட்டடத்துக்குள்ளேயே வைத்துப் பார்த்தார்கள். 2010-ல் விர்ஜினியாப் பல்கலைக்கழக ஆய்வு இன்னும் தெளிவாகச் சொன்னது. எட்டு வீடுகளில், ஆள் நடமாட்டத்தையும் கதவையும் கவனிக்கும் சுமார் 25 டாலர் பெறுமான சென்சார்களை வைத்து, வீட்டில் ஆள் இல்லாதபோதும் எல்லோரும் தூங்கும்போதும் குளிர்சாதனத்தைக் குறைத்தால் சராசரி 28 சதவீதம் மிச்சமாகும் என்று கணக்கிட்டார்கள். இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. மிச்சம் அளந்ததால் வரவில்லை. அளந்ததை வைத்து ஒன்றை அணைத்ததால் வந்தது.

நான் செய்த தப்பு

2014-ல் சென்னையில் ஓர் ஐந்து மாடி அலுவலகம். பெயர் வேண்டாம். 42 கம்பியில்லா வெப்ப சென்சார்கள். ஒவ்வொரு மாடியின் ஏஹெச்யூவும் அந்த அளவுகளைப் பார்த்துக் குளிர்ந்த நீர் வால்வைத் திறந்து மூட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை டெஸ்ட் செய்தேன். 42-ம் பளிச்சென்று வந்தது. திங்கட்கிழமை காலை பத்து மணிக்குப் பாதியைக் காணோம்!

காரணம் பாடப்புத்தகத்திலேயே இருந்தது. ஞாயிறன்று ஆள் இல்லை, வைஃபை சும்மா இருந்தது. திங்களன்று நூற்றுக்கணக்கான லேப்டாப்கள் அதே 2.4 கிகா ஹெர்ட்ஸில் பேசின. மனித உடம்பில் இருக்கும் தண்ணீரும், இரும்பு பீரோக்களும் மிச்சத்தைப் பார்த்துக்கொண்டன. வைஃபை தொடாத கடைசிச் சானலுக்கு மாற்றினேன். சில சென்சார்களை உயரத்தில் வைத்தேன். சரியாயிற்று. கைதட்டலும் கிடைத்தது.

அடுத்த கோடையில் மூன்றாவது மாடியிலிருந்து புகார். "புழுங்குது சார்." என் திரையில் அந்த மாடி முழுவதும் பச்சை நிறம், 23.4 டிகிரி. நேரே போனேன். சட்டை ஒட்டிக்கொண்டது. அங்கே வேலை பார்த்த வயதான எலக்ட்ரீஷியன் அண்ணன் ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்துக் காட்டினார். காலையிலும் மாலையிலும் ஒவ்வொரு மாடியாக நடந்து, கை வெப்பமானியில் பார்த்து எழுதியிருக்கிறார். மூன்று வாரமாக மூன்றாவது மாடி 28, 29.

"ஏண்ணே, என்கிட்ட சொல்லலை?"

"நீங்கதான் கம்ப்யூட்டர்ல எல்லாம் தெரியும்னு சொன்னீங்களே தம்பி. பச்சை லைட்டு வேற எரியுது. நான் சொன்னா யாரு நம்பப் போறா?"

நடந்தது இதுதான். சென்சார்களின் செய்தியை வாங்கி அடுத்தவருக்குக் கடத்தும் ரௌட்டர்கள் எப்போதும் விழித்திருக்க வேண்டும். அவற்றுக்கு மெயின்ஸ் மின்சாரம் தர வேண்டும் என்பது பால பாடம். கம்பியே இல்லாத கட்டடம் என்று பெருமை பேச ஆசைப்பட்டு, அவற்றையும் பெரிய பேட்டரியில் ஓட்டினேன். மூன்றாவது மாடி ரௌட்டர் செத்தது. அதை நம்பியிருந்த சென்சார்கள் எல்லாம் ஊமையாயின. என் புரோகிராமோ, புதிதாக அளவு வராவிட்டால் கடைசியாக வந்ததையே காட்டிக்கொண்டிருந்தது. 23.4 இருக்கிறதே, போதும் என்று வால்வு மூடிக்கொண்டது. கருவி பொய் சொல்லவில்லை. நான் எழுதிய இரண்டு வரி பொய் சொன்னது.

திருத்தியது பெரிய வித்தை இல்லை. ரௌட்டர்களுக்கு ஃபால்ஸ் சீலிங் விளக்கிலிருந்து மின்சாரம் கொடுத்தேன். ஒவ்வொரு அளவின் பக்கத்திலும் அது எத்தனை நிமிடம் பழையது என்று காட்டவைத்தேன். அரை மணி தாண்டினால் பச்சை போய்ச் சிவப்பு. ஒவ்வொரு சென்சாரின் முதுகிலும் பேட்டரி மாற்றிய தேதியை ஸ்கெட்ச் பேனாவில் எழுதினோம். திங்கள்தோறும் பலவீனமான பேட்டரிகளின் பட்டியல் அண்ணனின் போனுக்குப் போகும். அவருடைய நோட்டை நிறுத்தச் சொல்லவில்லை. இரண்டையும் ஒப்பிட்டுத்தான் பிறகு அந்தக் கட்டடத்தை 24 டிகிரிக்கு யாரும் முணுமுணுக்காமல் கொண்டுவந்தோம். ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சம் என்பது எரிசக்தித் திறன் செயலகத்தின் கணக்கு. 2020 ஜனவரி முதல் இந்தியாவில் விற்கிற அறை ஏசிகளின் ஆரம்ப அளவே 24 டிகிரியாக இருக்க வேண்டும் என்று விதியும் வந்துவிட்டது.

1883-ல் ஜான்சன் அந்தப் பணியாளை வகுப்பறைக்குள் வராமல் செய்தார். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: மணி அடித்தது பணியாளுக்குத்தான். அவரை அவர் கதையிலிருந்து நீக்கவில்லை. நான் நீக்கப் பார்த்தேன்.

இப்போது படிக்கும் தம்பி தங்கைகளுக்கு

உங்கள் கையில் இருப்பது எங்களிடம் இருந்ததை விட எவ்வளவோ மேல். 2022-ல் போட்டிக் கம்பெனிகள் சேர்ந்து 'மேட்டர்' என்ற பொதுத் தரத்தையே கொண்டுவந்துவிட்டன. 865 மெகா ஹெர்ட்ஸில் ஓடும் லோரா ரேடியோ, பேஸ்மென்ட்டிலிருந்தும் மொட்டை மாடிக்குப் பேசும். விலையும் குறைவு. ஆகவே ரிச்சி தெருவுக்குப் போவதற்கு முன், மதியம் சாப்பாட்டு நேரத்தில் நம் கல்லூரி வகுப்பறைகளை ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள். ஆள் இல்லாத எத்தனை அறையில் ஃபேன் சுற்றுகிறது என்று எண்ணுங்கள். உங்கள் புராஜெக்ட் அங்கே காத்திருக்கிறது. நம் கல்லூரியின் எலக்ட்ரீஷியனையும் குழுவில் ஒருவராகச் சேர்த்துக்கொள்ளுங்கள். எந்த சுவிட்ச் எங்கே என்று அவருக்குத் தெரிந்த அளவு எந்த வரைபடத்துக்கும் தெரியாது. சென்சார் வாங்கும் செலவுக்கு முன்னாள் மாணவர்களான நாங்கள் கை கொடுக்கலாம்; சங்கக் கூட்டத்தில் இதை நானே எடுத்துச் சொல்கிறேன்.

ஒரே நிபந்தனை. ரிப்போர்ட்டின் முதல் பக்கத்தில் இரண்டு வரி இருக்க வேண்டும். பேட்டரி எத்தனை நாள் வரும்? தீர்ந்தால் யார் மாற்றுவார்? கணக்கோடு எழுதுங்கள். எக்ஸ்டர்னலாக யாராவது என்னைக் கூப்பிட்டால், நான் கேட்கப்போகும் கேள்வியும் அதுதான்.